பயணம் போகாதவனின் கச்சேரி

1997இல் கொழும்பு வெள்ளவத்தையில் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏஜென்ட் மூலம் களவாகப் போகிற பயணம். பொலிஸின் காதில் விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். அதனால் பிரியாவிடைக்குப் பிறந்தநாள் என்று பெயர். கேக்கில் வயது மட்டும் இருக்காது.

அந்தப் பிறந்தநாள்களில் கிற்றாருடன் பாடக் கொட்டாஞ்சேனையிலிருந்து றேமண்ட் வருவான். கப்பல் கொம்பனியொன்றில் கிளாக். ஆங்கிலத்தில் தானே பாட்டெழுதி மெட்டமைப்பவன். வந்தவர்கள் கேட்பதோ பைலா ஆட்டப்பாட்டும் பழைய சினிமாப் பாட்டும். தன்னுடைய பாட்டொன்றைத் தொடங்கினால் கட்லட் தட்டு வந்துவிடும், சனம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். தன் பாட்டுகளை மட்டும் கேட்க ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் வரவேண்டும். அவனுடைய ஆசை அவ்வளவுதான்.

கடைசியில் வெள்ளவத்தையில் சின்ன மண்டபமொன்றை எடுத்தான். பொலிஸ் அனுமதியும் கிடைத்தது. பாடிய வீடுகளுக்கெல்லாம் நேரில் போய் அழைத்தான்.

"வேற ஆர் பாடுகினம்?" என்று கேட்டார் சிவக்கொழுந்து. மூன்று பிள்ளைகளையும் இப்படிப் பிறந்தநாள் வைத்தே கனடாவுக்கு அனுப்பியவர்.

"நான் மட்டும்தான் அன்ரி. எல்லாம் என்ர பாட்டு."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்டுமில்லை. சும்மா."

சிவக்கொழுந்து அவனை உற்றுப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "விளங்குது தம்பி."

மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் நின்ற அவன் அக்கா இமெல்டாவின் கையில் பார்சல்கள் குவிந்தன: சிவக்கொழுந்தின் மிளகாய்த்தூள், யாரோ ஒருவரின் பனங்கிழங்கு ஒடியல் மா, இன்னொருவரின் பேத்திக்குப் பட்டுப்பாவாடை. எல்லாவற்றிலும் ரொறன்ரோ விலாசம்.

இமெல்டா மேடைக்குப் பின்னால் ஓடிவந்தாள். "எனக்கும் சொல்லாம எங்கடா போறாய்?"

"நான் ஒரு இடமும் போகேல்ல."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

றேமண்ட் மேடையேறி, தான் எங்கேயும் போகவில்லை என்று ஒலிவாங்கியில் அறிவித்தான். முன்வரிசை தலையசைத்தது. வாசலில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள்.

"பாவம், அவங்கள் நிக்கேக்க வேற என்னத்தைச் சொல்லுறது" என்றார் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம்.

கடைசிப் பாட்டு, துறைமுகத்துக் கப்பல்களையெல்லாம் அனுப்பிவிட்டுக் கரையிலேயே நின்றுவிடுகிற ஒருவனைப் பற்றியது. சனம் அழுதது. கட்லட் தட்டு வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, மிளகாய்த்தூளைப் பையில் போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனான். வழியிலேயே, சந்தை வாசலில், சிவக்கொழுந்து கண்டுவிட்டார்.

"இன்னும் போகேல்லையே தம்பி? ஏஜென்ட் காசைச் சுத்திப்போட்டானோ?"

"அன்ரி, நான் வந்து..."

"யோசிக்காதையும். எங்கட மூத்தவனும் ரெண்டாந்தரம்தான் போனவன். திருப்பியும் கச்சேரி வைப்பீர்தானே? எல்லாரும் வருவம். அந்தக் கடைசிப் பாட்டு, கப்பல் பாட்டு, அதை மறந்துபோகாமல் பாடும்."

அவனுடைய பாட்டொன்றை ஒருவர் இரண்டாம் முறை பாடச் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டான்.

"ஏஜென்ட் அடுத்த மாசம் எண்டுறான் அன்ரி" என்றான் றேமண்ட்.