பேஸ்ட் படாத மாஸ்க்

ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருப்பவளுக்கு எண்ணாமல் இருக்க வராது. உள்ளே போன பஞ்சு எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று வாய்விட்டு எண்ணிச் சொன்ன பிறகுதான் அங்கே தையலே போடுவார்கள். ஆறு பேர் சேர்ந்து ஸ்கூபா டைவிங் போவதென்று முடிவானதும் அந்தப் பழக்கம் தலைக்கேறிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளி, பழைய போர்வையை விரித்து, சாமான்களையெல்லாம் பரப்பிவிட்டு, பட்டியலும் பேனாவுமாக நடுவில் நின்றாள்.

"மாஸ்க் ஆறு!"

"ஆறு," என்றாள் நாத்தனார்.

"ஃபின்ஸ் ஆறு ஜோடி!"

"அஞ்சரைன்னு போடுங்க அண்ணி. இவரு ஒரு கால்ல மாட்டிக்கிட்டு சமையல்கட்டுல தண்ணி குடிக்கப் போயிருக்காரு."

இவர் என்றது நாத்தனாரின் கணவரை. மற்றவர்கள் முக்கால் மணி நேரம் வைத்து இழுக்கும் டாங்க் காற்றை இருபது நிமிஷத்தில் தீர்த்துவிடுவதால் அவருக்கு 'பாதி டாங்க்' என்று பெயர் விழுந்திருந்தது. பாக்கி இரண்டு பேர் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரரும் அவர் மனைவியும்.

படகு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. அதற்கு முன் சனிக்கிழமை நீச்சல் குளத்தில் கடைசி ஒத்திகை. பயிற்சி கொடுக்கும் பெண்ணை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். சின்ன வயசு, கறார் பேச்சு. "குளத்துல யாருக்குச் சரியா வரலையோ, அவங்க கடல்ல இறங்க வேணாம். படகுல உக்காந்து வேடிக்கை பாருங்க," என்று சொல்லிவிட்டாள்.

வேடிக்கை பார்க்கவா நர்ஸ் நாலு வருஷமாக ஆசைப்பட்டாள்? அவளுக்கு மைனஸ் ஒன்பது பவர். கண்ணாடியைக் கழற்றினால் புருஷன் எது, பீரோ எது என்று தெரியாது. ஆறு வாரப் பயிற்சியில் தண்ணீருக்கடியில் அவள் கண்டதெல்லாம் நீலக் கஞ்சிதான். கணவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் இழுத்த பக்கம் போனாள். அவரும் அடிக்கடி சுவரில் கொண்டுபோய் முட்டுவார். கேட்டால், "தண்ணிக்குள்ள திசை பிடிபட மாட்டேங்குதும்மா," என்பார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பவர் கண்ணாடி வைத்த மாஸ்க் ஒன்றை வரவழைத்து, தன் கையாலேயே பொருத்தி அன்றைக்குத்தான் கொண்டுவந்திருந்தார். மாட்டிப் பார்த்தாள். எதிர்ச்சுவர்க் காலண்டரின் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. சந்தோஷத்தில் ஒரு குதி குதித்து, தண்ணீரில் மிதக்காமலிருக்க இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி ஒன்றில் கால் விரலை இடித்துக்கொண்டாள். அதற்கும் சிரித்தாள்.

பட்டியலில் அடுத்தது, புது மாஸ்க்கின் உள்பக்கம் பல் தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது. தொழிற்சாலைப் பிசுக்கு போகாவிட்டால் தண்ணீருக்குள் கண்ணாடி பனி மூடிவிடும் என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஐந்தை நாத்தனார் தேய்த்தாள். ஆறாவதைக் கணவர் கையில் வாங்கிக்கொண்டார்.

"இத நான் பாத்துக்கறேன்."

கண்ணாடி விஷயத்தில் அவரைக் கேள்வி கேட்பாளா? டிக் போட்டுவிட்டாள்.

மறுநாள் குளத்தில் இறங்கிய இரண்டாம் நிமிஷமே கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மறுபடி மூடியது. நீலக் கஞ்சி போய் வெள்ளைக் கஞ்சி வந்ததுதான் மிச்சம். மேலே வந்தாள்.

"பேஸ்ட் போட்டீங்களாக்கா?" என்றாள் மாஸ்டர்.

"டிக் போட்டிருக்கேனே!"

பக்கத்தில் மிதந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "துணியாலதாம்மா துடைச்சேன். மெத்து மெத்துன்னு, நல்லா பளபளன்னு. கண்ணாடி மேல துணியத் தவிர எதையும் வெக்காதீங்கன்னு இருபது வருஷமா கடைக்கு வர்றவங்ககிட்ட கத்தறவன், நானே பேஸ்ட் எடுத்துத் தேய்க்கவா?"

"தியேட்டர்ல எண்ணாத பஞ்ச எண்ணிட்டேன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றாள். நாலு வருஷ ஆசை ஒரு டிக்கில் போய்விடுமோ என்று நினைக்கையில் அழுகை முட்டியது.

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். "அரை மணி நேரம் இருக்கு. தேய்ங்க அண்ணா. நீங்களே."

பட்டியலில் 'பேஸ்ட் ஒன்று' இருந்ததால் பையிலும் இருந்தது. பாதி டாங்க் ஓடிப்போய் எடுத்துவந்தார். குழாயடியில் உட்கார்ந்து கணவர் மூன்று தரம் தேய்த்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் தன் பல்லைப் பிடுங்குகிற மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"இப்ப உள்ள துப்புங்க," என்றாள் மாஸ்டர்.

"கண்ணாடியிலயா?"

"எல்லா டைவரும் அதான் பண்ணுவாங்க."

நர்ஸ் மாஸ்க்கை வெடுக்கென்று பிடுங்கித் தானே துப்பினாள். "இது என் எச்சில். உங்க கடை மானம் போகாது."

இறங்கினாள். அடேயப்பா! தரையில் பதித்த டைல்களுக்கு இடையிலிருந்த கோடு தெரிந்தது. டாங்க்கின் காற்றளவைக் காட்டும் முள் தெரிந்தது. லிஃப்ட்காரரின் தொந்தியைச் சுற்றி ஏறும் குமிழிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. வாயில் மூச்சுவிடும் ரெகுலேட்டர் இல்லையென்றால் கத்தியிருப்பாள். இதைச் சொல்லத் தன் கையைப் பிடித்திருந்தவர் பக்கம் திரும்பினாள்.

அவர் கண்களை இறுக மூடியிருந்தார், கசப்பு மருந்து குடிக்கும் பிள்ளை மாதிரி.

மாஸ்க்கில் தட்டினாள். ஒரு கண் திறந்து, அவளைப் பார்த்து, உடனே மூடிக்கொண்டது.

மேலே இழுத்து வந்தாள். "எத்தன நாளா இது?"

"மொத நாள்லேருந்து. மாஸ்டர் பக்கத்துல வந்தா மட்டும் திறப்பேன். பயமா இருக்கும்மா. நீதான் கையப் பிடிச்சிருக்கியேன்னு..."

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்," என்றார் பாவமாக. "இருந்தாலும் உன் கைதானே."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. ஆறு வாரமாக இருவரும் சேர்ந்து முட்டிய சுவர்களெல்லாம் ஞாபகம் வந்து சிரிப்புத்தான் வந்தது. மறுபடி இறங்கினார்கள், இந்த முறை அவள் முன்னால். நாலு தடவை தட்டி அவர் கண்ணைத் திறக்க வைத்தாள். ஐந்தாவது தடவை திரும்பியபோது அது தானாகவே திறந்திருந்தது. இரண்டு பேரும் கடலில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டாள் மாஸ்டர்.

சாயங்காலம் மூட்டை கட்டும்போது நாத்தனார் பட்டியலைப் படித்தாள். "மாஸ்க் ஆறு. ஈயக்கட்டி இருபத்தெட்டு. இதென்ன அண்ணி கடைசியில, 'கண் நாலு, திறந்தது'?"

"என்னுது ரெண்டும் சரியா இருக்கு," என்று வாசலிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

நர்ஸ் பேனாவோடு எழுந்து வாசலுக்குப் போனாள். அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பி இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டாள்.