சாம்பல் மூட்டைக்கு ஓர் ஆள்

துணி துவைக்கும்போதுதான் பார்த்தேன். மகளின் சீருடைப் பாக்கெட் நிறைய உடைந்த சாக்பீஸ். திருடிக்கொண்டு வந்துவிட்டாள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நான்தாம்மா எடுத்தேன்" என்றாள். அன்று பால் பொங்கி வழிந்ததற்கும் "நான்தாம்மா." அவள் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

தோண்டித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. பாடத்தில் ஒரு பழைய கதை. ஊர்க் கிணறு வற்றிவிடுகிறது. ஊரார் ஆளுக்கொரு பிடி அடுப்புச் சாம்பலை மூட்டை கட்டி, ஒருத்தி தலையில் ஏற்றி ஊரைவிட்டே துரத்துகிறார்கள். கதை மனதில் பதியவேண்டுமென்று டீச்சர் இவளை மூலை நாற்காலியில் உட்காரவைத்தாராம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் தப்பைச் சொல்லி, ஒரு சாக்பீஸை இவள் மடியில் போடவேண்டும். மணி அடித்ததும் டீச்சர் பாடத்தை முடித்துவிட்டார். பிள்ளைகள் முடிக்கவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனபின் மனசு கேட்கவில்லை; தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

"அது வெறும் குறியீடும்மா," என்றார் டீச்சர். "சாம்பல்னா ஊரோட குற்றவுணர்ச்சி. அவங்களுக்குப் புரியணும்னுதான்..."

"நல்லாவே புரிஞ்சிருக்கு டீச்சர். உங்க குறியீடு ராத்திரி முழுக்க என் வீட்டுல சோறு தண்ணி இல்லாம சுருண்டு கிடந்துச்சு."

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. குரலைத் தாழ்த்தினார். "நாற்காலியை நானே வெளியில தூக்கிப் போட்டேன். மறுநாள் காலையில அதே மூலையில இருக்கு. யாரு கொண்டுவந்தாங்கன்னே தெரியல. ஒண்ணு சொல்றேன், அதுக்கப்புறம் வகுப்புல ஒரு சண்டை சச்சரவு கிடையாது."

சன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் கைகட்டி, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் என் தங்கம், மடி நிறைய வெள்ளை. அந்த அமைதியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் பொண்ணு இனிமே அங்க உட்கார மாட்டா. வேற யாரையாவது உட்கார வைங்க."

"யாரை?" என்றார் டீச்சர்.

நான் யோசிக்கக்கூட இல்லை. என் கண் பெஞ்சு பெஞ்சாகப் போனது. கடைசி பெஞ்சில் ஒரு பெண், பொத்தான் போன சட்டையை ஊக்கால் குத்தியிருந்தாள். இவளுக்காகக் கேட்க ஆள் வராது என்று மனசு கணக்குப் போட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.