தக் மான்சுவுக்கு எண்பது வயதான விதம்

நிலக்கரிச் சுரங்கம் சரிந்து செத்துப்போன தக் மான்சு, நாள் தவறாமல் சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கரியோடு வருவான், குழாயடியில் கழுவுவான், சோறும் சோயாக் குழம்பும் சாப்பிட்டுத் தூங்குவான், விடிவதற்குள் எழுந்து வேலைக்குப் போய்விடுவான். அந்தச் சுரங்க ஊரான ஹுக்சோனில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் தெருநாய்கூட வாயில் பணத்தாளைக் கவ்விக்கொண்டு திரிகிறது என்று வெளியூர்க்காரர்கள் பொறாமைப்பட்ட ஊர் அது. மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதும், கடைத்தெரு முழுக்கப் பன்றிக்கறி சுடும் புகை நிற்கும், சினிமாக் கொட்டகையில் இடம் கிடைக்காமல் சண்டை நடக்கும். சுரங்கத்தை மூடியதும் பிள்ளைகளெல்லாம் சியோலுக்கு ரயிலேறிவிட, மிஞ்சியவர்கள் கிழடுகள்தான். அவர்களைக் காப்பாற்றியது மாதாமாதம் வரும் அரசுப் பணம். போனதில் ஒன்றாவது தினமும் திரும்பி வருகிறதே என்று ஊருக்கு உள்ளூர ஒரு திருப்தி.

மான்சுவின் மனைவி ஓக்பூனுக்கு அந்தத் திருப்தி பாதிதான். அவன் செத்த வயதான முப்பத்தாறிலேயே நின்றுவிட்டான். அவளுக்கு எழுபத்தெட்டு ஆகியிருந்தது. விதவையான பிறகு கரி பொறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள். அதில் விரல்கள் கோணிப்போயின. அவனுக்குச் சோறு போடும்போது கைகளை மடித்துணிக்குள் ஒளிப்பாள், விளக்குக்கு முதுகு காட்டி உட்காருவாள். அவனும் நாளெல்லாம் கரி வெட்டிய களைப்பில் தட்டைத் தவிர எதையும் பார்க்கமாட்டான். பார்த்துவிட்டால் அப்புறம் வரமாட்டானோ என்பதுதான் அவள் பயம்.

தனியாக இருக்கும் முதியவர்களிடம் அடுப்புக்கரி இருக்கிறதா என்று பார்க்க, முதல் பனி விழுந்த அன்று நல உதவி அலுவலகத்திலிருந்து சோல் மிகியோங் என்ற பெண் வந்தாள். வந்த நேரம் ஐந்தே முக்கால். உள்ளே ஓர் ஆம்பிளை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யாரென்று கேட்டதற்கு வீட்டுக்காரர் என்றாள் ஓக்பூன். சம்பளம் உண்டா என்று கேட்டதற்கு மான்சுவே பதில் சொன்னான்: "அடுத்த வாரம் தர்றேன்னு கம்பெனி சொல்லியிருக்கும்மா." கம்பெனி அதை நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டதை எழுதுவது மிகியோங்கின் வேலை. உழைக்கும் வயதில் சம்பாதிக்கும் புருஷன் இருப்பவளுக்கு உதவி கிடையாது என்று அடுத்த மாதமே பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பணம்தான் அவளுக்கு அரிசி, அடுப்புக்கரி, முட்டிவலி மாத்திரை எல்லாம். பக்கத்து வீட்டு குவாக், மான்சுவுக்குக் கீழே வேலை கற்றவன், நெஞ்சில் கரித்தூசி அடைத்து நஷ்டஈடு வாங்குகிறவன். அவன் தன் அடுப்புக்கரியில் பாதியை வேலி தாண்டி வைத்துவிட்டுச் சொன்னான்: "என் நுரையீரல்தான் அண்ணி எனக்கு மூத்த பிள்ளை. மாசாமாசம் தவறாம பணம் அனுப்புது. அண்ணன் இவ்வளவு வருஷம் வேலை பாத்து என்ன பிரயோசனம்? ஒரு இருமல்கூட சம்பாதிக்கலியே."

மிகியோங் மனசு கேட்காமல் மறுபடி வந்தாள். வாசற்படியில் மான்சுவின் கறுப்பு ரப்பர் செருப்பு, நுனி வீட்டுக்குள் பார்க்க இருந்ததைக் கவனித்தாள். ஆள் சுரங்கத்தில் இருக்கும்போது அவன் செருப்பை உள்நோக்கி வைத்தால் பத்திரமாகத் திரும்புவான் என்பது அங்கே எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். அந்தச் சரிவில் புருஷனை இழந்த மற்றப் பெண்கள் ஒப்பாரி முடிந்ததும் செருப்பை எடுத்துவிட்டார்கள், ஓக்பூன் எடுக்கவில்லை. "ஒரே ஒரு நாள் வெளிப்பக்கமா திருப்பி வையுங்கம்மா. நான் வந்து பாத்து, தனியாத்தான் இருக்காங்கன்னு எழுதிட்டுப் போயிடறேன்," என்றாள் மிகியோங்.

குளிர் எலும்பைக் கடித்த ஒரு நாள் ஓக்பூன் திருப்பி வைத்தாள். ஐந்தரைக்கு மான்சு வேலிவரை வந்தான். பனியில் நின்றபடி வீட்டை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பக்கத்து வாசலில் நின்ற குவாக்கிடம், "பெரியவரே, தக் மான்சு வீடு எதுங்க?" என்று கேட்டான். அது காதில் விழுந்ததும் ஓக்பூன் வெறுங்காலோடு ஓடிவந்து செருப்பைத் திருப்பிவைத்தாள். உடனே அவன், "குழம்பு வாசனை தெருவரைக்கும் வருது," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான். மறுநாள் அவள் அலுவலகத்துக்கே போய், "வெறச்சு செத்தாலும் சாவேனே ஒழிய அந்தச் செருப்பைத் தொடமாட்டேன் பொண்ணே," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மிகியோங் இரண்டு நாள் பழைய குடும்பப் பதிவுகளைப் புரட்டினாள். மூன்றாம் நாள் வந்து, "பொறந்த வருஷப்படி அவருக்கு எண்பது வயசும்மா. சம்பாதிக்கிற வயசே இல்ல. நிறுத்தின உங்க பணமும் திரும்ப வரும், முதியோர் பணம் அவருக்கும் உண்டு," என்றாள். ஆனால் ஆள் நேரில் வந்து கைநாட்டு வைக்கவேண்டும். அலுவலகம் ஐந்துக்கு மூடும், சுரங்கம் ஐந்தரைக்குத்தான் விடும். மேலதிகாரி இரண்டு முறை உச்சுக்கொட்டிவிட்டு, ஒரு நாள் மட்டும் கதவைத் திறந்துவைக்கச் சம்மதித்தார். ஓக்பூன் செருப்பைத் துணியில் கட்டி எடுத்துப்போய் அலுவலக வாசலில், நுனி உள்ளே பார்க்க வைத்தாள். ஐந்தரை ஆயிற்று, ஆறும் அடித்தது. இங்கேயும் வரவில்லை, வீட்டுக்கு வரும் வழியையும் கெடுத்துவிட்டோம் என்று அவள் செருப்பை எடுக்கக் குனிந்தாள்.

அப்புறம்தான் கரி வாசனை வந்தது. "வீட்டை மாத்தினா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்கெல்லாம் தேடுறது?" என்றபடி மான்சு உள்ளே வந்தான். விரலிலேயே கரி இருந்ததால் மை தேவைப்படவில்லை. வயது கேட்டார்கள். முப்பத்தாறு என்றான். "எண்பதுங்க," என்றாள் மிகியோங், மெதுவாக. அலுவலக விளக்கின் வெளிச்சத்தில் ஓக்பூனுக்கு ஒளிய இடமில்லை. மான்சு அவள் நரையைப் பார்த்தான், கோணிய விரல்களைப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா வரமாட்டீங்கன்னு பயம்."

"எண்பதுன்னே போடும்மா," என்று மிகியோங்கிடம் சொல்லிவிட்டுக் கட்டைவிரலை அழுத்தினான்.

மறுநாள் சாயங்காலம் மான்சு தலை நரைத்து, முதுகு வளைந்து, இருமிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போகவில்லை. எண்பது வயதில் யார் சுரங்கத்தில் இறங்குவார்கள்? தம்பதியாக வாழ்ந்தால் இருவர் பணத்திலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பது விதி, அதன்படியே குறைத்துக் கொடுத்தார்கள். பணம் வாங்கும் வரிசையில் குவாக் சீண்டினான்: "தனியா இருந்திருந்தா முழுசா கிடைச்சிருக்குமே அண்ணி. வெட்டிட்டாங்களாமே?"

"புருஷன் இருக்கிறவளுக்கு வெட்டத்தான்டா செய்வாங்க," என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள் ஓக்பூன். பிறகு, முள்ளங்கி கடிக்க அவருக்குப் பல் இல்லை என்று அலுத்துக்கொண்டே மெத்தென்ற தோஃபு வாங்கப் போனாள்.