போட்ட கோழியும் போடாத கோழியும்

கோழிக்கு மருந்து போடுவதில் அங்கமுத்துவை அடித்துக்கொள்ள பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் ஆளில்லை. அதுவே கடைசியில் அவருக்கு வினையாகப் போயிற்று. ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் நாலு பேர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டோடு கிடந்திருப்பார். முழுக்கத் தெரிந்தவராக இருந்திருந்தாலும் அப்படித்தான். கொஞ்சம் தெரிந்தவரோடுதான் மல்லுக்கட்ட முடியாது. யார் சொன்னாலும் காதில் ஏறாது.

பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவது அவர் தொழில். ஒருத்தி குஞ்சைப் பிடித்து நீட்டுவாள், இன்னொருத்தி அதன் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டு அந்தப் பக்கம் இறக்கிவிடுவாள். ஒரு ஷெட்டைத் தொட்டால் முடிக்காமல் வெளியே வரமாட்டார். சோறு தண்ணீரெல்லாம் அப்புறம்தான். "போட்டா ஒட்டுக்காப் போடோணும். பாதிக்குப் போட்டுப் பாதியை உட்டா, போட்ட கோழிகிட்ட இருந்தே போடாத கோழிக்குச் சீக்கு ஒட்டிக்கும்" என்பார். கோழி விஷயத்தில் அது சரிதான். கோழிக்கு விடுவது உயிருள்ள கிருமி மருந்து. போட்ட கோழியின் மூச்சோடு கொஞ்ச நாளைக்கு அது வெளியே வந்துகொண்டிருக்கும். ஒரு பண்ணையில் மருந்து பற்றாமல் கடைசி இரண்டு வரிசையை நாளைக்கு என்று விட்டார்கள். அந்த நாளை நாலைந்து நாளாகிவிட்டது. அந்த இரண்டு வரிசை மட்டும் கொர்கொர் என்று இழுத்து இழுத்துச் செத்ததை அங்கமுத்து நின்று பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு அது வேதவாக்கு.

கொரோனா இரண்டாவது தடவை வந்து ஊரெல்லாம் பூட்டிக் கிடந்த ஜூன் மாதம், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் போட்டார்கள். ஜனம் திரண்டு வந்து நின்றது. வந்த மருந்தோ யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்க வாங்க என்று கூவிக் கூப்பிட்டபோது, ஊசி போட்டால் செத்துப் போவோம் என்று கதவைச் சாத்திக்கொண்ட அதே ஜனம்தான். அங்கமுத்துவின் மனைவி மாரக்காளும் அப்போது கதவைச் சாத்தியவள்தான், அதை மறைப்பானேன். தெருவில் இரண்டு சாவு விழுந்த பிறகு எல்லோருக்கும் ஊசிமேல் பக்தி வந்துவிட்டது.

இருவரும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். கடைசி டோக்கன் அங்கமுத்து கைக்கு வந்தது. அவருக்குப் பின்னால் நின்ற மாரக்காளோடு சேர்த்து மற்ற எல்லோரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

"நீ போட்டுக்க புள்ள. நான் நாளைக்குப் பாத்துக்கறேன்" என்று டோக்கனை அவள் கையில் திணித்தார்.

"நான் ஊட்டோட கெடக்கறவ. நீங்கதான் நாலு பண்ணை ஏறி எறங்கறீங்க. போங்க மாமா, நின்னு பேசிட்டிருந்தா எவனாச்சும் புடுங்கிக்குவான்" என்று டோக்கனைத் திருப்பிக் கொடுத்து, முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள்.

ஊசி போட்ட நர்ஸிடம் அங்கமுத்து கேட்கத்தான் செய்தார். "ஏனுங்கம்மா, ஒரே ஊட்ல ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடாம உட்டா ஒண்ணும் ஆகாதுங்களா?"

காலையிலிருந்து உட்கார நேரமில்லாத அந்தப் பெண், "ரெண்டு பேரும் போட்டுக்கறதுதான் நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு காலி மருந்துப் பெட்டியை எடுத்து வைக்கத் தொடங்கினாள். அவள் சொன்னதில் பிசகில்லை. ஆனால் அங்கமுத்து அதைத் தன் சந்தேகத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

"ஒரு போர்வையும் ரெண்டு வேட்டியும் எடுத்து வாசப்படியில வெச்சுட்டு அக்கட்டால போய் நில்லு."

"எதுக்கு, காசிக்குக் கெளம்பீட்டீங்களா?"

"பண்ணையில போய்ப் படுத்துக்கறேன். நீயும் போட்டுக்கற வரைக்கும் நான் இந்த ஊட்டுக்குள்ள வரமாட்டேன். எனக்குப் போட்டது உனக்கு ஒட்டிக்கும்."

மாரக்காளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப நான் கோழிங்களா? கோழியா இருந்திருந்தா தெனமும் ஒரு முட்டையாச்சும் குடுத்திருப்பனே."

"சிரிக்காத புள்ள. வரிசையோட செத்ததை நின்னு பாத்தவன் நான். நீ எனக்கு வேணும்" என்றார் அங்கமுத்து. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மாரக்காள் உள்ளே போய்ப் போர்வையும் வேட்டியும், கூடவே ஒரு தூக்குப்போசியில் சோறும் கொண்டுவந்து வைத்தாள். வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்ததாகப் பிற்பாடு பக்கத்து வீட்டுக் கந்தம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர் போய்ப் படுத்தது நாமக்கல் போகும் வழியில் தனசேகர் என்பவரின் பண்ணையில். முட்டை அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார் தனசேகர். விஷயம் கேட்டதும், "அங்கமுத்தண்ணா, மனுச ஊசி அப்படியெல்லாம் பரவாதுங்கண்ணா" என்று சொன்னார். ஆனால் மருந்தை ஐஸ்பெட்டியில் வைப்பதிலிருந்து எல்லாமே தனசேகருக்கு அங்கமுத்து கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொண்டவர் சொல்லியா வாத்தியார் கேட்பார்?

தினமும் பொழுது சாய்ந்தால் போன் பேசிக்கொள்வார்கள். மாரக்காள் விடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தாள். சில நாள் மருந்தே வராது. வந்த நாளில், டோக்கன் கொடுக்கிற ஆள் தன் தெருக்காரர்களுக்கு முன்னதாகவே கொடுத்துவிட்டிருப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் மூச்சு ஒருவர்மேல் பட, ஊரே அங்கே நெருக்கியடித்து நின்றது. நோயைத் தடுக்க நின்ற வரிசையில் நோய்தான் தாராளமாகக் கிடைத்தது. அவளுக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைவிட அங்கமுத்து வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது. கெங்கவல்லியில் கட்டிக்கொடுத்த மகள் கிருத்திகாவும் மாவட்டம் தாண்டி வர முடியாத நாட்கள் அவை. வீட்டில் பேச்சுக்கு ஒரு ஆள் கிடையாது.

"இன்னைக்கும் இல்லீனுட்டாங்க மாமா."

"பொறு புள்ள. நாளைக்கு நானும் நாலு எடத்துல சொல்லி வெக்கறேன்."

அவர் சொல்லி வைக்காத ஆளில்லை. வார்டு மெம்பரிடம் கேட்டார், மருந்துக் கடைக்காரரிடம் கேட்டார். தனசேகர் எங்கெங்கோ போன் போட்டுப் பார்த்தார். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒரே பகலில் மருந்து போட்டு முடிக்கிற மனிதருக்கு, சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு ஊசி வாங்கித் தர வக்கில்லை. அதை நினைத்து நினைத்து அவருக்கே அவர்மேல் எரிச்சல் வந்தது.

ஜூன் கடைசியில் ஒருநாள் போனில் அவள் இருமினாள்.

"என்ன இருமற?"

"மொளகா வறுத்தனுங்க. நெடி ஏறிக்கிச்சு."

அவர் நம்பினார். நம்பக் கூடாதுதான். குஞ்சு ஒன்று தும்மினால் ஷெட்டுக்கு வெளியே நின்றே கண்டுபிடிக்கிற காது அது. ஆனால் மிளகாய் வறுத்த நெடி என்றால் மனசு உடனே ஒப்புக்கொள்கிறதே. மாரக்காளுக்கும் அவளுடைய கணக்கு ஒன்று இருந்தது. காய்ச்சல் என்று சொன்னால் இந்த மனிதன் ஓடி வருவான், வந்தால் தன்னால்தான் பரவிற்று என்று தலையில் அடித்துக்கொள்வான். காய்ச்சல் என்று தெரிந்தால் ஊசியும் போடமாட்டார்கள், அவன் வீடு திரும்புவதும் தள்ளிப் போகும். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கந்தம்மாளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"திங்கக்கெழம பஸ் உடறாங்களாமா. நாமக்கல்லுக்கே போய்ப் போட்டுக்கிட்டு வந்தர்றேன். அப்பறம் நீங்க ஊட்டுக்கு வந்துருங்க" என்றாள். மூச்சு வாங்கியதை மறைக்க நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கிறாள். டவர் சரியில்லை என்று அங்கமுத்து நினைத்துக்கொண்டார்.

பஸ் விட்ட அந்தத் திங்கட்கிழமை காலையில் கந்தம்மாள் போன் செய்தாள். "ஏனுங்கண்ணா, என்னை மன்னிச்சுருங்க. சத்தியம் பண்ணிட்டேன்னு வாய மூடீட்டிருந்துட்டேன். மாரக்கா எந்திரிக்க மாட்டீங்கறா. ஓடியாங்க."

தனசேகர் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். வீட்டு வாசலில் இறங்கிய அங்கமுத்து ஓடினார், ஓடியவர் நிலைப்படிக்கு இப்பால் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பாயில் மாரக்காள் ஒருக்களித்துக் கிடந்து மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். அவரோ கையைப் பிசைந்துகொண்டு, "நான் தொடலாமா, தொடலாமா" என்று கந்தம்மாளைக் கேட்டார். இந்த மனிதனை என்ன செய்வது? அடிக்கவும் தோன்றுகிறது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றுகிறது. தனசேகர்தான், "அண்ணா, தூக்குங்க!" என்று கத்தினார். அதன் பிறகுதான் உள்ளே போனார்.

பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கார் நின்றுவிட்டது. முதல் பஸ்ஸுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வெளியே வந்த ஜனம் சிரித்துக்கொண்டே வழியை அடைத்து நின்றது. தனசேகர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பின்சீட்டில் மாரக்காளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கமுத்து கண்ணாடி வழியாக, "உடுங்க சாமி, உடுங்க சாமி" என்று கும்பிட்டார். அவர் மடியில் கிடப்பது யார் என்று எட்டிப் பார்த்த ஒருவன்தான் மற்றவர்களை விலக்கிவிட்டான்.

நாமக்கல்லில் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு கெஞ்சினாலும் கிடைக்காத படுக்கை உடனே கிடைத்தது. ஆக்ஸிஜன் வைத்துவிட்டு ஒரு இளம் டாக்டரம்மா வெளியே வந்து கேட்டாள்.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?"

"தெரியலீங்க."

"மூச்சு வாங்கறது?"

"அதும் தெரியலீங்க."

"ஏங்க, வீட்ல அவங்க கூட இருந்தது யாரு? அவங்களைக் கூப்பிடுங்க."

"யாரும் இல்லீங்க. தனியாத்தான் இருந்தா" என்ற அங்கமுத்து, முகாமிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். ஒட்டுக்காப் போட வேண்டிய நியாயத்தையும், அந்த இரண்டு வரிசைக் கோழிகளையும்கூட விடவில்லை. டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, நமக்குப் போடற இந்த ஊசி அந்த மாதிரி இல்லீங்க. இது போட்டவங்ககிட்ட இருந்து யாருக்கும் பரவாது."

"அப்ப நான் ஊட்லயே இருந்திருக்கலாமுங்களா?"

"இருந்திருக்கலாம்" என்றவள், "இருந்திருந்தா முன்னாடியே கூட்டிட்டு வந்திருப்பீங்க" என்றும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கலாங்க, தைரியமா இருங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

அங்கமுத்துவுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் இருந்தால் எவ்வளவோ தேவலை. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். விடக்கூடாது என்று உத்தரவு என்றார் காவலாளி. கிரில் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, மரத்தடியில் காத்திருக்கச் சொன்னார். தனசேகர் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அதை அங்கமுத்து பிரிக்கவில்லை.

சாயங்காலம் மாரக்காளின் நம்பரிலிருந்து போன் வந்தது. யாரோ நர்ஸ் பிடித்துக்கொள்ள அவள் பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் காற்று இரைந்தது.

"சாப்புட்டீங்களா?"

"ஆச்சு புள்ள."

"எங்க இருக்கறீங்க?"

"இங்கதான். கேட்டுக்கு வெளிய."

"அங்க எதுக்கு மாமா... கொசுக்கடில? ஊட்டுக்குப் போங்க. நான்தான் இப்ப ஊட்ல இல்லீல்ல... பயமில்லாமப் போய்ப் படுங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாளா, நிஜமாகவே அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பரவாதாம் புள்ள, நான் உன்கூடவே இருந்திருக்கலாமாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அவள் ஒண்டியாகக் கிடந்து காய்ச்சலை மறைத்த நாளெல்லாம் வீணென்று ஆகிவிடும். அதை அவள் எந்த மூச்சைக்கொண்டு தாங்குவாள்?

"சரி புள்ள, போறேன்" என்றார்.

"கதவைத் தாப்பாப் போட்டுக்கங்க" என்றாள் மாரக்காள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

அவர் போகவில்லை. மரத்தடியிலேயே கிடந்தார். மறுநாள் உச்சிப்பொழுதில் மாரக்காள் போய்விட்டாள். அதைச் சொல்ல வந்த காவலாளிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேட்டைப் பாதி திறந்து, "மாரக்காள் கூட இருக்கறவங்க யாருங்க?" என்று மட்டும் கூப்பிட்டார்.

அங்கமுத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினார்.

"நான்தானுங்க" என்றார். "நான்தானுங்க கூட இருக்கறேன்."