ஐந்தாவது குரல்

“நாலு” என்று தன் குரலில் சொன்னாள் சின்னவள். பிறகு முகத்தைப் பின்பக்கம் திருப்பி, தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து “அஞ்சு” என்றாள்.

மலைப்பாதையின் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. “சரி, நடங்க” என்றாள். அவளுடைய கைத்தடியின் டக் டக் சத்தம் மறுபடி மேலே ஏறத் தொடங்கியது. சின்னவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த வாலு, அண்ணனின் ஏழு வயது மகள், திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னவள் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

அது மூன்றாவது திருப்பம். அப்பா இரண்டாவது திருப்பத்தைத் தாண்டியதுமே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே மலையடிவாரத்துக்கு வந்திருக்கிறார். பிள்ளைகளும் டீச்சர்களும் ஐந்து திருப்பம் ஏறி, அந்தப் பக்கம் ஏரிக்கு இறங்கி, மணலில் ஆடிவிட்டு வருவார்கள். அவர் பஸ்ஸை விட்டு நகர மாட்டார். முட்டி ஆழத்தில் நின்றாலும் கால்விரலை எண்ணலாமாம், மணல் மாவு மாதிரி இருக்குமாம் என்று பிள்ளைகள் சொன்னதையெல்லாம் தானே பார்த்தது போல வீட்டில் வந்து சொல்வார். இந்த வருடம்தான் ஓய்வு பெற்றார். பெற்ற கையோடு, “வெயில் காலம் முடியறதுக்குள்ள அந்த ஏரியைப் பார்த்தே ஆகணும்” என்று ஒற்றைக்காலில் நின்றார். இன்று எல்லோரையும் வீட்டு வேனில் ஏற்றித் தானே ஓட்டி வந்தார்.

எண்ணிக்கையும் பஸ்ஸில் வந்த பழக்கம்தான். முன்பொருமுறை ஒரு பிள்ளை கழிப்பறையில் இருந்தபோது அதன் சிநேகிதி அதற்கும் சேர்த்து எண்ணைச் சொல்லிவிட்டாள். பஸ் பதினோரு கிலோமீட்டர் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை மரத்தடியில் குரல் போகுமளவு அழுது முடித்து உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரே சட்டம்: அவரவர் எண்ணை அவரவர்தான் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போனால்கூட எண்ணிக்கை உண்டு. மானம் போகிறது என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். அம்மா ஒன்று, அண்ணன் இரண்டு, வாலு மூன்று, சின்னவள் நான்கு, கடைசியில் அப்பா ஐந்து. அண்ணிக்கு இன்று லீவு கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவர்தான் அந்தக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, “என் நம்பரையும் நீயே சொல்லிடும்மா” என்றார்.

“என்னப்பா பண்ணுது?”

“ஒண்ணுமில்ல, வாயு. காலையில அவசரமா தின்னுட்டு கிளம்பினது. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தா ஏப்பம் வந்துரும், சரியாயிரும்.”

“நானும் இருக்கேன்.”

“நீ நின்னா உங்கம்மா நிப்பா. அவ நின்னா வீட்டுக்குத் திரும்பிருவா. இவ்வளவு தூரம் வந்துட்டு ஏரியைப் பார்க்காம போகவா? என் குரல்ல பேசறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே.”

அது உண்மை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு அப்பா குரலில் போன் பண்ணி லீவு வாங்கியவள் அவள். அன்று முதுகில் இரண்டு வைத்தார். மறுநாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

“ஏதாவதுன்னா விசில் அடிக்கிறேன். போ” என்று கழுத்தில் தொங்கிய பித்தளை விசிலைத் தூக்கிக் காட்டினார். அவர் முகம் வேர்த்திருந்தது. வெயில்தானே என்று அவள் நடந்தாள். தன் சட்டத்தை அவரே உடைக்கிறார் என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான்காவது திருப்பத்துக்குக் கீழே வரும்போது வாலு நின்றாள்.

“அத்தை, அது என்ன பறவை?”

“எது?”

“இப்ப கத்திச்சே. மெல்லிசா.”

சின்னவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். காற்றில் இலைகள் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்டது. “ஏதோ பறவை. நட” என்றாள். அதற்குள் மேலேயிருந்து அம்மா “ஒண்ணு” என்றாள். அண்ணன் “ரெண்டு” என்றான். வாலு “மூணு” என்று கத்தினாள். சின்னவள் “நாலு” என்றாள். “அஞ்சு” வருவதற்குக் கொஞ்சம் தாமதமானது. தொண்டை வறண்டிருந்தது.

“என்னங்க, மூச்சு வாங்குதா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்ல, நட நட” என்று சின்னவள் அதே குரலில் சொன்னாள். சொன்ன பிறகுதான் நேரம் நினைவுக்கு வந்தது. அஞ்சு நிமிஷம் என்று சொன்னவர். அரைமணி ஆகப்போகிறது. திரும்பிப் பார்த்தாள். பாதையில் ஈ காக்கை இல்லை. 

ஐந்தாவது திருப்பத்தில் மரங்கள் விலகி, கீழே ஏரி ஒரேயடியாகத் தெரிந்தது. அம்மா நின்றுவிட்டாள். அறுபது வயதில் அவள் வாயைப் பிளந்து பார்ப்பதை சின்னவள் அன்றுதான் கண்டாள். “ஏங்க, தெரியுதா? பார்த்தீங்களா?” என்று பின்பக்கம் பாராமலே கத்தினாள். கண்ணை எடுக்க மனமில்லை அவளுக்கு. எண்ணிக்கையையும் அப்படியே தொடங்கினாள்.

கடைசியாக ஒருமுறை சின்னவள் “அஞ்சு” என்றாள். இந்தமுறை வாலு சிரிக்கவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்தாள்.

கரையில் பிள்ளைகள் சொன்னது போலவேதான் இருந்தது. வாலு செருப்பை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். அண்ணன் பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். அம்மா மணலில் விரிப்பை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்கப்பா எங்கே?”

“பின்னால… ஒதுங்கப் போயிருக்காரு. நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

கண்ணுக்கு மறையும்வரை நடந்தாள். மறைந்ததும் ஓடினாள். இறங்கும்போது பத்து நிமிடமாக இருந்த பாதை ஏறும்போது முடிவேனா என்றது. ஐந்தாவது திருப்பத்தைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கியதும் நிழல் அடர்ந்தது. ஏறும்போது பேச்சும் சிரிப்புமாக வந்த அதே வழிதான். இப்போது அவளுடைய செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருவது போலக் கேட்டது. போனை எடுத்துப் பார்த்தாள், சிக்னல் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் இதோ வந்துகொண்டிருப்பார், “என்னடி, நாய் துரத்துதா?” என்று கேட்பார், நாமும் நன்றாக நாலு வார்த்தை திட்டிவிடலாம் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டாள்.

நான்காவது திருப்பத்தில் நின்று “அப்பா!” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. என்ன நினைத்தாளோ, “நாலு!” என்று உரக்கக் கத்தினாள். கத்திவிட்டுக் காத்திருந்தாள்.

அவள் வாழ்நாளில் அந்த எண்ணுக்குப் பிறகு அந்தக் குரல் வராமல் இருந்ததே இல்லை. இன்னொருமுறை கத்தப் பயமாக இருந்தது.

மூன்றாவது திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே அவருடைய நீலச் சட்டை தெரிந்தபோது போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நடந்துதான் வந்திருக்கிறார். பாதையோர மரத்தில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு ஷூவின் கயிறு மட்டும் அவிழ்ந்திருந்தது.

“ஏம்ப்பா, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? கூவிக் கூவித் தொண்டையே போச்சு” என்றபடி அருகில் போனாள்.

அவர் கண் பாதி திறந்து, பாதை மேலேறும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கைக்குள் விசில் இருந்தது.

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. பிறகு அவர் விரல்களைப் பிரித்து விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினாள். நெஞ்சு வலிக்க ஊதினாள். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அது நினைவுக்கு வந்தது: வாயில் வைக்கும்போதே விசில் ஈரமாக இருந்தது.

அண்ணன் முழங்கால்வரை மணலோடு ஓடி வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக், கம்பெனியில் முதலுதவி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பாவின் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து, நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து எண்ணி எண்ணி அழுத்தினான். முப்பது எண்ணுவான், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். எத்தனை முறை என்று அவனுக்கே தெரியாது. நிறுத்தியபோது அவன் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது.

“விசில் கரை வரைக்கும் கேட்டுச்சு” என்று மட்டும் சொன்னான்.

அடிவாரத்திலும் கேட்டிருந்தது. வனக் காவலர் ஒருவர் இன்னும் இரண்டு பேரோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் அம்மாவும் வாலுவும் வந்துவிட்டார்கள். அம்மா கூச்சல் போடவில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். பிறகு இன்னொரு ஷூவின் கயிற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

காவலர் ஒரு தாளை அட்டையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். “கடைசியா இவர்கிட்ட யாரும்மா பேசினது? எப்போ?”

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான்” என்றாள் அம்மா. “அஞ்சாவது திருப்பத்துல. அஞ்சுன்னு சொன்னாரு. தெம்பாத்தான் சொன்னாரு.”

“அது ரொம்ப மேலயாச்சேம்மா. இவரு இங்கல்ல இருக்காரு?”

“இறங்கி வந்திருப்பாரு. வேனைத் தனியா விட்டுட்டு வந்தமேன்னு மனசு அடிச்சிருக்கும். இருபத்தாறு வருஷமா அதுதானே புத்தி.” அம்மா அப்பாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். “ஏரியைப் பார்த்துட்டாரு. அங்கேருந்து பளிச்சுன்னு தெரியுமே. பார்த்துட்டுத்தான் இறங்கியிருக்காரு. அது போதும்.”

காவலர் எழுதினார். பேனா தாளில் ஓடுவதைச் சின்னவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். சொன்னால் அம்மா கேட்கப்போகும் கேள்விகளை நினைக்கவே பயமாக இருந்தது. அதைவிட, கேள்வியே கேட்காமல் அம்மா தன்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வைக்குத்தான் அதிகம் பயந்தாள்.

“ஒரு விசில் அடிச்சிருந்தா கேட்டிருக்குமே” என்று அம்மா யாரிடமோ சொன்னாள். “அப்ப வலியில்லாமத்தான் போயிருக்காரு.”

வாலு சின்னவளின் கையைப் பிடித்தாள். பிடித்த கைக்குள் விசில் இருந்தது. சின்னவள் அதை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கீழே இறங்கியபோது வெயில் இன்னும் காய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கதவைச் சாத்தும் முன் அண்ணன் அப்பாவின் தொப்பியை உள்ளே வைத்தான். பின்னாலேயே வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நால்வரும் வேனில் ஏறினார்கள். அப்பா ஓட்டி வந்த வேன். ஓட்டுநர் இருக்கையை அண்ணன் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது, அவனுக்குக் கால் நீளம். பக்கத்தில் அம்மா. பின்னால் வாலுவும் சின்னவளும். மணலோடு மடித்த விரிப்பு நடுவில் கிடந்தது. அண்ணன் சாவியைச் செருகினான், ஆனால் திருப்பவில்லை. இந்த வேன் எண்ணிக்கை முடியாமல் ஒருநாளும் கிளம்பியதில்லை.

“ஒண்ணு” என்றாள் அம்மா.

சற்றுப் பொறுத்து அண்ணன் “ரெண்டு” என்றான்.

“மூணு.”

“நாலு” என்றாள் சின்னவள்.

அண்ணனின் கை சாவியிலேயே இருந்தது. வாலு சின்னவளின் முழங்கையை இடித்தாள்.

“அத்தை, அஞ்சு சொல்லுங்க” என்றாள். குழந்தைக்குக் கண் கலங்கியிருந்தது. “மலையில சொன்னீங்களே, தாத்தா மாதிரி. அதே மாதிரி சொல்லுங்க.”

அம்மா திரும்பவில்லை. அவள் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. முடியில் ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

“எத்தனாவது திருப்பத்துலேருந்து?” என்று அம்மா கேட்டாள்.

“மூணாவதுலேருந்தும்மா.”

“அப்போ ஏரி…” என்று தொடங்கினாள் அம்மா. முடிக்கவில்லை. மடியில் இருந்த கைத்தடியின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே ஒரு குடும்பம் மிதவை வளையத்தைத் தூக்கிக்கொண்டு பாதையில் ஏறத் தொடங்கியது.

சின்னவள் கைக்குள் விசிலை இறுக்கினாள். அது இப்போது காய்ந்துவிட்டிருந்தது.

“ஒண்ணு” என்று அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள்.

“ரெண்டு.”

“மூணு.”

“நாலு” என்றாள் சின்னவள், தன் குரலில்.

அண்ணன் சாவியைத் திருப்பினான்.