வீட்டு இலக்கம், வீதி

"தோட்டம், டிவிஷன், லயம்னு மூணு கட்டம் இருந்துச்சே, அதெல்லாம் எங்க சார்?" ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் கேட்டாள் நிஷாந்தி.

"அதை எடுத்தாச்சு, பிள்ளை." அவள் உருவாக்கிய 'நம்ம லயம்' இணையத்தளத்தைப் போன வருடம் வாங்கிய கொழும்புக் கம்பனியின் மேலாளர் ஜெயதீபன் அவர். "விளம்பரம் தாறவை சரியான விலாசம் கேக்கினம். இனி வீட்டு இலக்கம், வீதி கட்டாயம். இல்லாதாக்கள் இண்டையிலிருந்து உள்ள வரேலாது."

"ஒரே கூரையில வரிசையா அறை. லயத்துக்கு ஏது சார் வீதி?"

"தோட்ட ஒஃபிஸ் விலாசத்தைப் போடச் சொல்லுங்கோவன். சின்ன விசயம்."

சின்ன விஷயம்! நிஷாந்திக்கு உடம்பு பற்றி எரிந்தது. அந்த ஆபீஸ் மேசை லாச்சிக்குள்தான் கெம்பஸில் அவளுக்கு இடம் கிடைத்த கடிதம் மூன்று வாரம் கிடந்தது. தேயிலைத் தோட்டத்துக் கடிதமெல்லாம் அங்கேதான் வரும். கிளாக்கர் ஐயாவுக்கு நினைவு வந்தால்தான் வெளியே வரும். கையில் கிடைத்தபோது, பதிவுக்கான கடைசித் தேதி போய் நான்கு நாளாகியிருந்தது. "மறந்துட்டேன் புள்ள" என்று பிளேன்டீயை உறிஞ்சினார் அவர். அந்த ஆத்திரத்தில்தான் ஹட்டனில் இந்த நெட் கஃபேயில் வேலைக்குச் சேர்ந்து, தானே படித்து, 2005இல் தளத்தைக் கட்டினாள். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி: எந்தத் தோட்டம்? அடுத்தது: எந்த லயம்? சொன்னால் போதும், அந்த லயத்து ஆட்கள் குவைத்தில் இருந்தாலும் கொழும்புப் புடவைக் கடையில் இருந்தாலும் திரையில் முகத்தோடு வந்து நிற்பார்கள். மூன்றே வருடத்தில் நாலாயிரம் பேர். எந்தக் கடிதமும் எவருடைய லாச்சியையும் தாண்டி வர வேண்டியதில்லை. விலைக்குக் கேட்ட கம்பனிக்காரர்கள் இன்னும் பெரிதாகும் என்றார்கள். நம்பித் தளத்தின் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

"நிறுவனர் எண்டு முதல் பக்கத்தில உங்கட படத்தைத்தான் பெரிசாப் போடுறம்" என்றார் ஜெயதீபன்.

"அதையும் எடுத்துருங்க சார். எனக்கும் வீதி இல்ல."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிக்கோயாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அம்மா காளியாயி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அதே லயத்து வேலாயியும் இன்னும் நாலு பேரும்.

"ஏன்டி, நம்ம லயத்துப் பேச்சியம்மா குவைத்துலேருந்து ஏதும் எழுதிருக்காளா பாரு. பெரிய கம்பனிக்காரி மொகத்த ஏன் இப்புடி வச்சிருக்க?"

நிஷாந்தி அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தளத்தைத் திறந்தாள். திரை விலாசம் கேட்டது. வீதி என்ற கட்டத்தில் 'அஞ்சாம் நம்பர் லயம்' என்று அடித்தாள். செல்லாத விலாசம் என்று சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி சிவப்பு.

"என்னாவாம் அதுக்கு?" என்றாள் வேலாயி.

"நாம குடியிருக்கிற எடம் இல்லவே இல்லையாம்."

"இருவத்தெட்டு வருசமா ஒழுகுற கூரைக்குத் தகரம் வச்சிக்கிட்டு இருக்கேன். இல்லையாமா?" காளியாயியின் குரலில் கடையே திரும்பிப் பார்த்தது.

நிஷாந்தி அந்தப் பக்கத்தை மூடினாள். வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, புதுத் தளத்துக்கு முதல் வரியை அடித்தாள். எந்தத் தோட்டம்? அதன் அருகே கோடு ஒன்று மினுக் மினுக்கென்று நின்றது. அம்மா கழுத்தை நீட்டி, தோட்ட ஆபீஸ் ஜன்னலில் சம்பளத்துக்குப் பேர் கூப்பிட்டால் சொல்வதைப் போல, திரையைப் பார்த்து உரக்கப் பதில் சொல்லத் தொடங்கினாள்.