மொட்டு வைக்காத செவ்வந்தி

ஐப்பசி பாதி கடந்தும் காளீஸ்வரியின் செவ்வந்திச் செடிகள் மொட்டு வைக்கவில்லை. இடுப்பளவுக்கு, கரும்பச்சையாகத் தழைத்து நின்றன. உரத்தில் குறையில்லை, தண்ணீரில் குறையில்லை. போன வருடம் இதே நாட்களில் கிளையின் கொண்டைக்கு நாலைந்து மொட்டுகள் கடுகுபோல் திரண்டிருந்தன.

கணவன் சிவபாண்டி தென்னையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். மதுரையில் ஒரு ஆபரேஷன் முடிந்திருந்தது. இரண்டாவதைத் தை மாதத்துக்குள் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகவே கூடி, நடக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மார்கழிப் பூவை நம்பித்தான் தேதி வாங்கியிருந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், நெடுங்கரைக்குப் பிரியும் விலக்கை ஒட்டிய அந்த ஒரு ஏக்கர் குத்தகை நிலத்தை விட்டால் அவளுக்கு வேறு போக்கில்லை.

தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து முனீஸ்வரி என்ற இளம் அதிகாரி வந்து பார்த்தாள். பூச்சியுமில்லை, நோயுமில்லை என்றாள். வரப்போரமாக நடந்து வந்தவள் பம்புசெட் அறைக்குப் பின்னால் சட்டென்று நின்றுவிட்டாள். அங்கே மட்டும், நாலு பாத்தி அகலத்துக்கு, செடிகள் குட்டையாக நின்று மொட்டு வைத்திருந்தன. அவள் நிமிர்ந்து விலக்கைப் பார்த்தாள். ஆவணி மாதம் பேரூராட்சி நட்ட உயர்கோபுர விளக்கு நின்றது. ஆறு விளக்குகளில் இரண்டு நேராகத் தோட்டத்தைப் பார்த்திருந்தன. இரவில் பம்புசெட் அறையின் நிழல் விழும் இடம்தான் அந்த நாலு பாத்தி.

"செவ்வந்திக்கு நீளமான ராத்திரி வேணும்க்கா. இருட்டு கிடைச்சாத்தான் மொட்டு வைக்கும். இம்புட்டு வெளிச்சத்துல செடி இன்னும் பொழுது அடையலைன்னு நினைச்சு வளந்துக்கிட்டே இருக்கு" என்றாள் முனீஸ்வரி. விடாமல் இருபது, இருபத்தைந்து நாள் இருட்டு கிடைத்தால் இப்போதும் தப்பிக்கலாம் என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை பேரூராட்சி அலுவலகம் திறக்கும் முன்பே காளீஸ்வரி வாசலில் நின்றாள். தெருவிளக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஐயாதுரை நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி முழுதாகக் கேட்டார். பிறகு புகார்ப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். விளக்கு எரியவில்லை, கம்பம் சாய்ந்திருக்கிறது, வயர் தொங்குகிறது என்று வரிசையாக இருந்தது. விளக்கு எரிகிறது என்று யாரும் புகார் எழுதியதில்லை.

"எந்தப் பக்கம் எம்புட்டு வெளிச்சம் விழணும்னு நம்மகிட்ட விதி ஒண்ணும் கிடையாதும்மா. நானா அணைச்சு, அங்க யாராவது அடிபட்டா என் வேலை போயிரும். அந்த விளக்கு எப்படி வந்துச்சுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் மில் வேனிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்த ஜெபராணி என்ற பெண்ணை இருட்டில் லாரி அடித்துப் போட்டது. அவளைப் பெற்ற பரிபூரணம் பேண்டேஜ் துணி நெய்யும் தறி வேலைக்கு லீவு போட்டுப் போட்டு, மனு மேல் மனு கொடுத்து வாங்கிய விளக்கு அது.

காளீஸ்வரி பழைய பிளக்ஸ் பேனர்களைச் சேர்த்து, மூங்கில் ஊன்றித் தோட்டத்தோரம் மறைப்புக் கட்டினாள். மூன்றாம் நாள் அடைமழைக் காற்றில் ஒன்று பிய்த்துக்கொண்டு போய் ஓடும் பைக்கின் மேல் விழுந்தது. போலீஸ்காரர் வந்து அன்றைக்கே எல்லாவற்றையும் அவிழ்க்க வைத்தார்.

பிறகுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. விளக்குக் கம்பத்தின் அடியில் இருந்த பெட்டிக்குப் பூட்டில்லை, கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தார்கள். ஏழு மணி வாக்கில் போனாள். மூன்று சுவிட்சுகளையும் கீழே இழுத்தாள். தோட்டம் முழுக்க ஒரே வீச்சில் இருண்டது. அவள் வரப்பில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பழுது என்று நினைத்து மறுநாள் லைன்மேன் வந்து போட்டுவிட்டுப் போனார். அன்று மாலையும் அணைத்தாள். மூன்றாம் நாளும் அணைத்தாள்.

அந்த மூன்றாம் நாள் அவள் பெட்டியை மூடிக்கொண்டிருக்கும்போதே மில் வேன் வந்து நின்றது. பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தார்கள். வளைவிலிருந்து ஒரு டிப்பர் வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. யாரோ அலறினார்கள்.

காளீஸ்வரி பெட்டியைத் திறந்து சுவிட்சுகளை மேலே தள்ளினாள். வெளிச்சம் வந்தபோது டிப்பர் சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரு பெண் முழங்கை சிராய்த்து ஜல்லியில் கிடந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுத் திரும்பிய அம்மாளைக் காளீஸ்வரிக்கு அடையாளம் தெரிந்தது. பரிபூரணம். விளக்கு இரண்டு நாளாக எரியவில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருக்கிறாள். காளீஸ்வரியின் கை இன்னும் பெட்டியின் மேல் இருந்தது.

"நீதானாட்டி?"

காளீஸ்வரி தலையை ஆட்டினாள்.

"எம்மவ கிடந்த இடம் இது. தெரிஞ்சுதான் அணைச்சியா?"

"தெரிஞ்சுதான் அணைச்சேன், மதினி. எனக்கு வேற வழி தெரியலை."

பரிபூரணம் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. அவள் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு காளீஸ்வரி அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை. இரவில் கண்ணை மூடினால் பிரேக் சத்தம்தான் கேட்டது.

நாலு நாள் கழித்துப் பரிபூரணம் தோட்டத்துக்கு வந்தாள். ஐயாதுரை விவரம் சொல்லியிருந்தார். பம்புசெட் அறைக்குப் பின்னால் போய், மொட்டு வைத்த செடிகளையும் வைக்காத செடிகளையும் வெகுநேரம் பார்த்தாள்.

"நான் ரோட்டுக்குத்தான வெளிச்சம் கேட்டேன்? ஒன் தோட்டத்துக்கு யாரு கேட்டா?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் மறுநாள் கூடவே அலுவலகத்துக்கு வந்து, தோட்டத்தைப் பார்த்த இரண்டு விளக்குகளுக்கும் தகரத் தடுப்பு போடச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டாள்.

விதியில்லாத காரியமென்பதால் பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் வைக்க வேண்டும் என்றார்கள். கார்த்திகைக் கூட்டம் மழையால் தள்ளிப்போனது. மார்கழியில் தீர்மானம் நிறைவேறியது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் தடுப்பு வந்தது. முன்னிரவில் பரிபூரணம் சாலையின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்து, வெளிச்சம் குறையவில்லை என்று உறுதிசெய்துகொண்டு போனாள். தோட்டம் இருண்டு கிடந்தது. அதற்குள் செடிகளின் அடித்தண்டு முற்றி, இலைகள் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தன.

நாலு பாத்தியில் பூத்தது மூன்று கூடை. ஸ்ரீவில்லிபுத்தூர் பூக்கடைக்கு அதைப் போட்டுவிட்டு வந்தாள். மாசி பிறந்ததும் கூமாப்பட்டிப் பக்கமிருந்து வந்த கிடைக்காரரின் ஆடுகளைத் தோட்டத்துக்குள் விட்டாள். என்ன செடி இது என்று அவர் கேட்டார். செவ்வந்தி என்றாள். அவர் நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் சிவபாண்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். மதுரைக்குப் போன் பண்ணிவிட்டதாகவும், பணம் கட்டாததால் தேதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். அவன், தான் இனி நடக்கப் போவதில்லை என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வதுபோல, மூலையில் சாத்தியிருந்த ஊன்றுகோலை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான். காளீஸ்வரி துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்து, அவன் இடுப்பில் வைத்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.